சைக்கிளில் புத்தகம் சுமக்கிறீர்களா? மலைப்பாதையில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடம் ஒன்றில் விடியற்காலையிலிருந்து மதியம் வரை கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்ததும் லவ்டேல் மேட்டில் ஏறி, ஃபெர்ன்ஹில் வழியாக ஊட்டிக்குள் இறங்கி வகுப்புக்குப் போகிறேன். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறேன். நேர்முக வகுப்பு வார இறுதியில். வாரநாளில் மூன்று மாலை கணினிப் பயிற்சி. பஸ் நேரமும் என் நேரமும் ஒத்துப்போவதில்லை. அதனால் மூன்று வருடமாக சைக்கிள்தான்.

இந்த மூன்று வருடத்தில் என்னைப்போல் வேலைக்கும் வகுப்புக்கும் நடுவே சைக்கிள் மிதிக்கும் நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோளாறுகள்தான் வருகின்றன. யாரும் சரியாகச் சொல்லித்தராததால் ஒவ்வொருவரும் ஒரு நோட்டையோ ஒரு ட்யூபையோ பலி கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறோம். முழுநேர மாணவர் நோட்டைத் தொலைத்தால் பக்கத்து பெஞ்சில் வாங்கிக்கொள்வார். நமக்குப் பக்கத்து பெஞ்சே கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஆனால் எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. பையைத் தராசில் வையுங்கள். மளிகைக் கடையிலோ மண்டியிலோ கேட்டால் வைக்க விடுவார்கள். என் பையை முதல்முறை எங்கள் தராசில் வைத்தபோது 9 கிலோ 400 கிராம் காட்டியது. மடிக்கணினியும் சார்ஜரும் இரண்டரைக் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, டிபன் ஒரு கிலோ, மழைக்கோட்டு ஒரு கிலோ. மீதி எல்லாம் புத்தகம். அன்றைய வகுப்புக்கு வேண்டியது அதில் இரண்டே பாடம். பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொன்னது. நமக்கு அப்படி யாரும் அளவு வைக்கவில்லை, நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தடிமனான பாடப்புத்தகத்தை பைண்டிங் கடையில் கொடுத்து இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துத் தைத்து வாங்குங்கள். புத்தகத்தை வெட்டுவதற்கு எனக்கும் மனம் வரவில்லை. செய்த பிறகு தினமும் ஒன்றரைக் கிலோ குறைந்தது.

முதுகு நனைகிறது, இறக்கத்தில் குளிர் எலும்பில் ஏறுகிறது

இது தோளில் பை மாட்டி ஏற்றம் மிதிப்பவர்களின் முதல் புகார். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயில் நாளிலும் காற்றில் குளிர் உண்டு. ஏற்றத்தில் பைக்கும் முதுகுக்கும் நடுவே வியர்வை தங்கிவிடும். மேட்டைத் தாண்டி இறங்கும்போது அந்த ஈரத்தில் காற்று அடிக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இப்படி இரண்டு வாரம் போனாலே சளியும் இருமலும் நிச்சயம்.

கூடவே உள்ளங்கை மரத்துப்போகிறதா? மணிக்கட்டு வலிக்கிறதா? காரணம் அதே பைதான். தோளில் இருக்கும் எடை உங்களை முன்னால் தள்ளுகிறது, அதைக் கைகள் தாங்குகின்றன. கையுறை வாங்கினாலும் இது தீராது.

சுமையைத் தோளிலிருந்து வண்டிக்கு மாற்றுவதுதான் தீர்வு. மடிக்கணினி ஒன்றை மட்டும் வேண்டுமானால் முதுகில் வைத்துக்கொள்ளுங்கள். குழிகளில் நம் உடம்பு அதற்கு ஸ்பிரிங் மாதிரி. மற்றதெல்லாம் கேரியருக்குப் போகட்டும். மேட்டின் உச்சியில் ஒரு நிமிடம் நின்று, ஏறும்போது கழற்றி வைத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேரியரில் கட்டிய பை ஆடுகிறது, வண்டி பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கிறது

இதில்தான் நிறைய பேர் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். கயிறு போதவில்லை என்று இன்னும் இரண்டு சுற்று கட்டுவார்கள். வண்டியை நிறுத்தி, பையைக் கட்டியபடியே கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள்.

பை மட்டும் ஆடி, கேரியர் அசையாமல் இருந்தால் கட்டுதான் கோளாறு. நைலான் கயிறு நனைந்தால் நெகிழும், காலையில் இறுக்கிக் கட்டியது சாரலில் தளர்ந்துவிடும். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள எலாஸ்டிக் கயிறு வேகமாகக் கட்டலாம், ஆனால் கை தவறினால் கொக்கி முகத்துக்கு வரும். கண் பத்திரம். எல்லாவற்றையும்விட நல்லது பழைய சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கேட்டால் தூக்கிப் போட்டதைக் கொடுப்பார்கள். நீளவாக்கில் கிழித்தால் இரண்டு பட்டை கிடைக்கும். பையின் மேல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டுக் கட்டுங்கள். ரப்பர் பையைக் கவ்விப் பிடிக்கும், நனைந்தாலும் தளராது. கட்டி முடித்ததும் தொங்கும் நுனிகளை உள்ளே செருகுங்கள். தொங்கும் நுனி போக்ஸ் கம்பிக்குள் போனால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பையோடு கேரியரும் சேர்ந்து ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. நம் சாலைகளின் அதிர்வில் இது மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லுங்கள். சீட்டுக் கம்பியில் மட்டும் கவ்வி நிற்கும் கேரியராக இருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. கீழே தாங்கு கம்பி இல்லாததால் எடை ஏறியதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். தாங்கும் எடை பெரும்பாலும் கேரியரிலேயே பொறித்திருக்கும், வாங்கும் முன் பாருங்கள். பின் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு கால் ஊன்றி நிற்கும் கேரியர்தான் வேண்டும்.

பையும் கேரியரும் அசையவில்லை, ஆனாலும் ஓட்டும்போது ஆடுகிறதா? அப்படியானால் எடை உயரத்தில் இருக்கிறது, அல்லது பின் அச்சைத் தாண்டி வெளியே தொங்குகிறது. நான் அதிகம் அவதிப்பட்டது இதில்தான். நாலு புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் டிபனை வைத்து, கோபுரம் மாதிரி கட்டுவேன். எங்கள் பக்கத்து சைக்கிள் கடை அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டு, “தம்பி, பொதி மாட்டுக்கு யாராச்சும் முதுகுல கோபுரம் கட்டுவாங்களா? ரெண்டு பக்கமும் தொங்கவிடுப்பா” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வழக்கமே மாறிவிட்டது.

கடைகளில் சைக்கிளுக்கென்று பக்கவாட்டுப் பைகள் விற்கிறார்கள், விலை அதிகம். ஜீப், ஆட்டோ சீட்டுக்கு உறை தைக்கும் குஷன் கடையில் சொன்னால், தார்ப்பாயிலோ கனமான ரெக்சினிலோ கேரியரின் இருபுறமும் தொங்கும் ஜோடிப்பை தைத்துக் கொடுப்பார்கள். மூன்று விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். சக்கரம் பக்கம் வரும் சுவரில் அட்டையோ மெல்லிய பலகையோ செருக ஓர் உறை வேண்டும், இல்லாவிட்டால் பை வளைந்து போக்ஸ் கம்பியில் உரசும். பையின் அடியில் ஒரு வார் வேண்டும், அதைக் கேரியரின் காலோடு கட்ட வேண்டும். வாய்ப்பகுதி ஒரு சாண் கூடுதல் நீளமாக இருக்க வேண்டும், அது எதற்கென்று மழைப் பகுதியில் சொல்கிறேன்.

அடுக்கும்போது கனமானது அடியில், சீட்டுப் பக்கம். இரண்டு பையும் ஏறத்தாழ ஒரே எடை. கைக்கணக்கே போதும், ஒரு பக்கம் புத்தகம், மறுபக்கம் தண்ணீரும் டிபனும்.

ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்கவில்லை

சுமை முழுவதும் பின்னால் இருந்தால் செங்குத்தான மேட்டில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். தண்ணீர் பாட்டிலையும் பூட்டையும் முன் கூடைக்கு மாற்றுங்கள். சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி மிதியுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். மலையில் வண்டியைத் தள்ளுவது சைக்கிள் ஓட்டுவதில் ஒரு பகுதிதான்.

எடையைக் குறைக்கிறேன் என்று ஹேண்டில் நுனியில் பை மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். திருப்பத்தில் அது ஊசலாடி முன்சக்கரத்துக்குள் போகும். பின்சக்கரம் நின்றால் வண்டி நிற்கும், முன்சக்கரம் நின்றால் ஆள் தலைகுப்புற விழுவார்.

இறக்கத்தில் வேகம் கூடியதும் ஹேண்டில் கிடுகிடுவென நடுங்குகிறது

பயமாகத்தான் இருக்கும். முதலில் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: ஹேண்டிலை இரும்புப்பிடி பிடிக்காதீர்கள், பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல் பாரை இறுக்கிக் கவ்வுங்கள். சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் பெடலுக்கு மாற்றி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். நடுக்கம் அடங்கிவிடும். மேல் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பின்சுமைக்கு இந்த நடுக்கம் சீக்கிரம் வரும். அதில் சுமையையும் வேகத்தையும் குறைவாகவே வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் கப்பும் கோனும் (கழுத்துக்குள் ஹேண்டில் திரும்ப உதவும் குண்டுகளைப் பிடித்திருக்கும் பாகங்கள்) தளர்ந்திருக்கின்றன, கடையில் இறுக்க வேண்டும். அங்கே ஆட்டம் இல்லையென்றால் பின்சக்கரத்தின் கம்பிகளையும் சுமை அமர்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள்.

குதிகால் பையில் இடிக்கிறது

பையை நாலு விரல் பின்னால் தள்ளுங்கள். பின் அச்சைத் தாண்டாமல் நின்றால் போதும்.

அடிக்கடி பஞ்சர், அதுவும் பின்சக்கரத்தில்

பஞ்சர் கடையில் ட்யூபை வாங்கிப் பாருங்கள். ஒரே ஓட்டை என்றால் முள் அல்லது ஆணி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்று குறைவாக இருந்து, சுமையோடு குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். சுமை ஏற்றும் நாளில் பின்சக்கரத்துக்கு அதன் மேல் எல்லையை ஒட்டி அடியுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ‘காற்று இருக்கு’ என்று முடிவு செய்யாதீர்கள், சுமைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

போக்ஸ் கம்பி அடிக்கடி அறுந்தாலும் இதே இடத்தில்தான் யோசிக்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி வைத்ததே சுமை பின்னால் ஏறும் என்று தெரிந்துதான். இப்போதைய வண்டிகளில் பல குறைவான கம்பிகளோடு வருகின்றன. ஒரு கம்பி அறுந்ததும் கோட்டம் எடுத்து, அதாவது சக்கரத்தின் வளைவை நேராக்கி, மற்ற கம்பிகளையும் ஒரே இழுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அறுந்ததை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி போகும்.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை

நாலைந்து கிலோ கூடினாலே இறக்கத்தில் வித்தியாசம் தெரியும். ரிம்மும் நனைந்துவிட்டால், குறிப்பாக இரும்பு ரிம்மாக இருந்தால், பிரேக் கட்டை முதல் சில சுற்றுகளுக்குத் தண்ணீரைத்தான் துடைக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். எனவே சாரலில் வளைவு வருவதற்கு வெகு முன்பே கட்டையை லேசாகத் தொட வைத்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள், வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

லீவரை முழுசாக அழுத்தும்போது அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா? அன்றைக்குச் சுமையோடு இறங்காதீர்கள். வகுப்பு ஒருநாள் போனால் போகட்டும்.

மழையே பெய்யவில்லை, ஆனாலும் நோட்டு ஈரமாகியிருக்கிறது

பாதிப் பேர் புரிந்துகொள்ளாதது இதுதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரலும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும், மீதி நாளில் மூடுபனியும் நம் ஊரில் சகஜம். ஆனால் பைக்குள் ஈரம் வருவது வெளியிலிருந்து மட்டுமில்லை. நனைந்த மழைக்கோட்டை மடித்து அதே பைக்குள் வைக்கிறோம். குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வியர்க்கிறது. டிபனின் சூட்டு ஆவி, மூடிய பைக்குள் போக வழியில்லாமல் நோட்டில் படிகிறது. பை எவ்வளவு இறுக்கமாக மூடியதோ அவ்வளவு மோசம்.

ஆகவே ஈரம் ஒரு பை, காகிதம் ஒரு பை. ஜோடிப்பை வைத்திருந்தால் இந்தப் பிரிவினை தானாகவே வந்துவிடும். மழைக்கோட்டைப் பைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், மேலே ட்யூப் பட்டைக்கு அடியில் செருகுங்கள்.

வெளி மழைக்குச் சமவெளிக்காரர்கள் பிளாஸ்டிக் கவரைச் சுற்றச் சொல்வார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்ததோ 2019 ஜனவரி 1-இல்தான். காட்டெருமையும் மானும் மேயும் ஊரில் அந்தத் தடை நியாயமானது, அதை மீறி ஒரு கவரைத் தேட வேண்டாம். பையின் வாய் ஒரு சாண் நீளமாக இருக்கட்டும் என்றேன் அல்லவா? அந்த நீளத்தை மூன்று நாலு முறை சுருட்டி மடித்து வாரைப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்பை நம்பாதீர்கள், மழை ஜிப் வழியாகத்தான் வரும். தையல் ஓட்டைகளில் கசிந்தால், உள்பக்கம் தையல் மேலேயே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவிக் காயவிடுங்கள். உள்ளே நோட்டுகளை மஞ்சப்பையில் போட்டு வைத்தால், தப்பி நுழையும் கொஞ்ச ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும்.

மடிக்கணினிக்கு ஒரு எச்சரிக்கை. குளிரில் வந்து சூடான, ஆள் நிறைந்த அறைக்குள் நுழைந்ததும் திறந்து ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த பொருளின் மேல் அறைக்காற்றின் ஈரம் துளியாகப் படியும், உள்ளேயும் படியும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவைத்து அப்புறம் திறங்கள்.

குறிப்பெடுக்க சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். அதன் மை எண்ணெய்ப் பசை கொண்டது, நனைந்தாலும் ஊறாது. மைப் பேனா எழுத்தும் பல ஜெல் பேனாக்களின் எழுத்தும் ஒரு சாரலில் நீலக் கறையாகிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் நண்பர்களுக்கு மைப் பேனா பையிலேயே கசிவது இன்னொரு காரணத்தால். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஏற ஏறப் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. முள் மேலே பார்க்கும்படி செருகி வையுங்கள்.

புத்தகம் நனைந்தே விட்டது

பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டு நாளுக்குள் காயாத காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயிலிலோ வைத்தால் தாள் நெளிந்து, முதுகின் பசை விட்டுப்போகும். புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து நிற்க வையுங்கள். பத்து இருபது பக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். முதல் நாள் நாலைந்து முறை மாற்ற வேண்டியிருக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் மூடி, மேலே பாரம் வைத்தால் நெளிவு குறையும். வழவழப்பான தாள் மட்டும் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்துவிடுங்கள். நேரமே இல்லையா? துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை வளராமல் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை எடுத்து நிதானமாகக் காயவைக்கலாம்.

வண்டியை நிறுத்தினால் சாய்கிறது. பையைக் குரங்கு பிரிக்கிறது

சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். பிரேக் லீவரை அழுத்தி ஒரு ட்யூப் வளையத்தை மாட்டிவிட்டால் வண்டி உருளாது. சுமை வண்டிக்கு ஒற்றைக்கால் ஸ்டாண்டைவிட ரெட்டை ஸ்டாண்டே மேல்.

குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். டிபனை வண்டியில் விட்டுப் போனால் அது புத்தகத்தையும் சேர்த்துக் கலைத்துவிட்டுத்தான் போகும். டிபன் எப்போதும் கையோடு.

இரவில் பின்னால் வரும் வண்டி மிக நெருக்கத்தில் வந்துதான் விலகுகிறது

உங்கள் வண்டியை யாராவது பிடித்துக்கொள்ள, இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் மாட்டிய சிவப்பு விளக்கைப் பை மறைத்திருக்கும். மட்கார்டில் இருக்கும் பிரதிபலிப்பானை மழைக்கோட்டின் ஓரம் மூடியிருக்கும். நான் ஒரு மழைக்காலம் முழுக்க விளக்கு எரிகிறது என்று நம்பிக்கொண்டே லவ்டேல் மேட்டில் ஏறியிருக்கிறேன். பின்னால் வந்தவர்களுக்கு என் முதுகுகூடத் தெரிந்திருக்காது. விளக்கைக் கேரியரின் கடைசிக் கம்பிக்கு மாற்றுங்கள். பையின் பின்பக்கம் பிரதிபலிக்கும் பட்டை ஒன்றைத் தைக்கச் சொல்லுங்கள், குஷன் கடையில் அதுவும் இருக்கும். மூடுபனி இறங்கிய மாலைகளில் கிளம்பும் முன்பு, எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, ஒருமுறை பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.